இந்த பிளாக்கில் இன்னும் எத்தனை போர் மிச்சம்?

கல்யாண ஊர்வலத்துக்கு, சினிமா ஷூட்டிங்குக்கு, வீட்டு வாசலில் கம்பீரமாக நிறுத்துவதற்கு என்று பழைய கார்களைத் தேடி அலைகிறவர்கள் பெருகிவிட்டார்கள். மார்க் 2 அம்பாசிடர், ஃபியட் 1100, சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என எதைக் கேட்டாலும் கிராக்கிதான். விற்பவருக்கும் அது தெரியும். புது பெயின்ட் அடித்து, குரோமுக்குப் பாலிஷ் போட்டு, சீட்டைப் புதிதாகத் தைத்து நிறுத்துகிறார். வாங்குபவரின் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. பானெட்டைக் கடைசியில்தான் தூக்குகிறார், அதுவும் வண்டி ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்க மட்டும்.

முதலில் தூக்க வேண்டியது பானெட்டைத்தான்.

ஆறிய என்ஜினைப் பாருங்கள்

ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வரும் முன்பே ஓட்டிப் பதப்படுத்தியிருக்கிறார்கள். இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஆறியிருந்தால் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் ஒட்டியிருந்தாலோ, ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசலும் இருக்கலாம். ஃபியட் 1100-ல் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். ஒருமுறை நன்றாகக் கொதித்தாலே ஹெட் வளைந்துவிடும். அம்பாசிடரின் இரும்பு ஹெட் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் சைலன்சர் பக்கம் நிற்கட்டும். முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு கைடு தேய்மானம்; செலவு குறைவு. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க நீலப் புகை வந்துகொண்டே இருந்தால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா? மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன் அடிக்குது’ என்பது இதைத்தான்.

சந்தேகம் தீர கம்ப்ரஷன் கேஜ் போட்டே ஆக வேண்டும். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்து, சிலிண்டர் சிலிண்டராக அளக்க வேண்டும். அளவுகளுக்குள் 10 சதவிகிதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் கோளாறு ரிங்கில் அல்லது போரில்; ஏறாவிட்டால் வால்வில். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவே கேஸ்கெட் போயிருக்கிறது.

எத்தனாவது சைஸ்?

இத்தனையும் பார்ப்பவர்கள்கூட ஒரு கேள்வியை விட்டுவிடுகிறார்கள். ‘புதுசா போர் போட்ட என்ஜின் சார்’ என்றதும் மகிழ்ந்துபோகிறார்கள். ஒவ்வொரு முறை போர் போடும்போதும், அதாவது சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கும்போதும், அதன் சுவரில் இரும்பு குறைகிறது. அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, அடுத்து 40, அதற்கடுத்து 60 என்று சைஸ் ஏறும். அதன்பிறகு சுவர் தாங்காது, ஸ்லீவ் இறக்க வேண்டும். கிராங்க் ஷாஃப்டும் ஒவ்வொரு கிரைண்டிங்கிலும் இளைத்துக்கொண்டே வருகிறது. அதனால் லேத் பட்டறை பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால், ஹெட்டைக் கழற்றும்போது பிஸ்டன் தலையில் பொறித்திருக்கும் சைஸைப் பாருங்கள். அந்த சைஸில் பிஸ்டனும் ரிங்கும் இன்று கிடைக்கின்றனவா என்று விசாரித்த பிறகே விலை பேசுங்கள்.

என்ஜினை எப்போது வேண்டுமானாலும் சரிசெய்துகொள்ளலாம், துருப்பிடித்த பாடியைத்தான் மீட்க முடியாது என்று வாதிடுபவர்களும் உண்டு. ஆனால் ‘எப்போது வேண்டுமானாலும்’ என்ற அந்த நம்பிக்கையில்தான் அசல் என்ஜின்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. டீசல் மலிவாக இருந்த காலத்தில் எத்தனையோ அம்பாசிடர்களில் பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு வேறு வண்டியின் டீசல் என்ஜினை ஏற்றினார்கள். இறக்கியது எடைக்குப் போனது. இப்போதும், போர் போட ஆள் கிடைக்கவில்லை, பார்ட்ஸ் இல்லை என்று அதே வேலை நடக்கிறது. வெளியே 1960-களின் கார், உள்ளே நேற்றைய வேனின் என்ஜின்!

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள என்ஜின் எண்ணும் பிளாக்கில் பொறித்த எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது இதனால்தான் முக்கியம். அந்த இடத்தில் அரம் போட்டுத் தேய்த்த தடம் தெரிந்தால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். 50 ஆண்டுகளைக் கடந்து, அசல் வடிவம் மாறாத வண்டிகளை ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனி வரிசையில் பதிவுசெய்ய 2021-ல் விதி வந்திருக்கிறது. முதல் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். என்ஜின் மாறிய வண்டிக்கு அந்தத் தகுதியே கேள்விக்குறிதான்.

என்ஜின் மாற்றிய வண்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? பழைய பிளாக் எங்கே போனது என்று விற்றவரிடம் கேளுங்கள். பட்டறை மூலையில் கிடந்தால், விலை கொடுத்தாவது வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்லீவ் போட்டால் அது மறுபடி ஓடும். எடைக்குப் போன பிளாக்கை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.