ஓர் ஊசி, ஓர் அட்டை, ஒரு சூரியன்

பழைய கலியாண அழைப்பிதழ் அட்டை ஒன்று, ஒரு குண்டூசி, ஒரு கோணி ஊசி. இவை இருந்தால் போதும். வானத்தைப் பற்றிய இரண்டு பாடங்களைக் காசு செலவின்றிக் கற்கலாம்.

முதற்பாடம் இரவுக்கு உரியது. மார்கழி, தை மாதங்களில் முன்னிரவில் கிழக்கு வானத்தைப் பாருங்கள். ஒரே வரிசையில் மூன்று விண்மீன்கள் தெரியும். அவற்றைச் சுற்றி நான்கு விண்மீன்கள் இருக்கும். இதுவே ஓரியன் எனப்படும் வேட்டைக்காரன் விண்மீன் குழு. நான்கில் செந்நிறமாகத் தெரிவது திருவாதிரை. அதற்கு எதிர்மூலையில் நீலவெண்மையாக ஒளிர்வது ரீகெல். இந்த ஏழையும் அட்டையில் புள்ளிகளாகக் குறியுங்கள். திருவாதிரைக்கும் ரீகெலுக்கும் இடையே 18 செ.மீ. விட்டால், நடு மூன்றும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 1.3 செ.மீ. தொலைவில் அமையும். பிரகாசமான அவ்விரண்டு விண்மீன்களுக்கும் கோணி ஊசியால் சுமார் 2 மி.மீ. துளை இடுங்கள், மற்ற ஐந்துக்கும் குண்டூசித் துளை போதும். வரைந்த பக்கம் உங்களை நோக்கி இருக்க, அட்டையை மின்விளக்குக்கு எதிரே பிடியுங்கள். வேட்டைக்காரன் கையில் வந்துவிடுவான்! பெரிய துளை பெரிய விண்மீன் போலவும், சிறிய துளை சிறிய விண்மீன் போலவும் தோன்றும்.

இரண்டாம் பாடம் பகலுக்கு உரியது. சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். அதே அட்டையைத் தோளுக்கு மேல் வெயிலில் பிடித்து, அதன் நிழலை 1 மீட்டர் தொலைவில் ஒரு வெள்ளைத்தாளில் விழச் செய்யுங்கள். இப்போது வியப்பைக் காண்பீர்கள். ஏழு ஒளிவட்டங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்! பெரிய துளையின் வட்டம் பிரகாசமாக இருக்குமே தவிர, அவ்வளவாகப் பெரிதாக இராது. காரணம் என்ன? தாளில் விழுவது துளையின் வடிவம் அன்று, சூரியனின் பிம்பம். ஒளி நேர்கோட்டில் செல்வதால், சிறு துளை ஒவ்வொன்றும் ஒரு சூரியனைத் தலைகீழாக வரைந்து காட்டுகிறது. புளியமர நிழலில் காணும் வட்ட வட்டமான ஒளிப்பொட்டுகளும் இவ்வகையே. இலைகளின் இடைவெளிகளே அங்கே ஊசித்துளைகள்.

2019 டிசம்பர் 26 காலை இந்த உண்மை கொங்கு நாட்டில் வெட்டவெளிச்சமாயிற்று. அன்று நிகழ்ந்த வளையச் சூரியகிரகணத்தின் பாதை ஊட்டி, கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல் வழியாகச் சென்றது. சந்திரன் சூரியனை முழுதும் மறைக்கப் போதாமல், விளிம்பு மட்டும் எஞ்சியது. காலை 9.30 மணியை ஒட்டிய சில நிமிடங்கள், ஊசித்துளையின் ஒளிப்பொட்டுகள் வட்டமாக இல்லாமல் வளையமாக மாறின. நம் வேட்டைக்காரன் அட்டையை அப்போது பிடித்திருந்தால், ஏழு விண்மீன்களும் ஏழு மோதிரங்களாகத் தெரிந்திருக்கும். கிரகணம் என்றாலே கதவை அடைத்து உள்ளே இருக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. அஞ்ச வேண்டியது கிரகணத்தை அன்று. வெறுங்கண்ணால் சூரியனைப் பார்ப்பதையே. விழித்திரைக்கு வலி தெரியாது. எரிந்த பின்னரே பார்வைக் குறை புலப்படும். ஆகவே துளை வழியாக ஒருபோதும் சூரியனைப் பார்க்கக்கூடாது. தாளில் விழும் பிம்பத்தை மட்டுமே காண வேண்டும்.

இனி ஒரு கணக்கு. வேறோர் அட்டையில் ஒரே ஒரு குண்டூசித் துளை இட்டு, பிம்பத்தை 2 மீட்டர் தொலைவில் வீழ்த்துங்கள். தாள் ஒளிக்கதிருக்குச் செங்குத்தாக இருக்கட்டும். வட்டத்தின் ஓரம் சற்று மங்கலாயிருக்கும். அந்த மங்கலின் நடுவிலிருந்து எதிர்ப்புறத்து நடுவரை அளக்க வேண்டும். சுமார் 18.5 மி.மீ. கிடைக்கும். சூரியன் நமக்கு ஏறத்தாழ 15 கோடி கி.மீ. தொலைவில் உள்ளது. வடிவொத்த முக்கோணங்களின்படி, 15 கோடியை 18.5 ஆல் பெருக்கி 2,000 ஆல் வகுத்தால் 13,87,500 கி.மீ. வரும். சூரியனின் உண்மையான விட்டம் ஏறத்தாழ 13,92,000 கி.மீ. ஒரு குண்டூசி எவ்வளவு அருகில் கொண்டு வந்துவிட்டது, பாருங்கள்!

அடுத்த வளையக் கிரகணம் 2031 மே 21 அன்று கேரளத்தையும் தென் தமிழ்நாட்டையும் கடக்கும். கோவையில் சூரியன் பிறையாகத் தெரியும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அளக்கும் வேலையை நாளைய வெயிலிலேயே தொடங்கலாம். காலை, நண்பகல், மாலை என மூன்று முறை அளந்து, விடைகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.