தலைமாட்டின் முப்பது பாகை

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி என்று நம்மவர்கள் இன்றும் சொல்லிவரும் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்தோ கம்பாரிலிருந்தோ புறப்பட்டு, தலையில் அடிபட்டு நினைவு தப்பிக் கிடக்கும் மகனைக் காண வருகின்ற ஒரு தாய், கட்டிலருகே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதும் செய்யும் முதற்காரியம் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: கையோடு கொண்டுவந்த துவாலையை நான்காக மடித்து, கழுத்து வலிக்குமே என்று அவன் தலைக்கடியில் செருகிவிடுவாள். எங்கிருந்தோ பார்த்துவிட்ட மிஸ்ஸி, அதாவது தாதி, விரைந்து வந்து அதை உருவி எடுப்பாள். ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் முகத்தை இரு கைகளாலும் பற்றி, மூக்கும் தொப்புளும் ஒரே கோட்டில் வரும்படி நிமிர்த்தி வைப்பாள். கட்டிலின் தலைமாடு 30 பாகை உயர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். ஒரு தலையணைக்குக்கூட வழியில்லாமல் போயிற்றே என்று அந்தத் தாய் மனம் புழுங்குவது இயற்கை. ஆனால் மிஸ்ஸி செய்துவிட்டுப் போனது சிகிச்சை. அதுவும் பிரதானமான சிகிச்சை.

குழந்தையின் உச்சிக்குழி மூடிய பிறகு மனிதனுடைய கபாலம் வளைந்துகொடுக்காத எலும்புப் பெட்டி ஆகிவிடுகிறது. வளர்ந்த ஒருவரின் பெட்டிக்குள் ஏறக்குறைய 1400 மில்லிலிட்டர் அளவுக்கு மூளையும், 150 அளவுக்கு ரத்தமும், இன்னுமொரு 150 அளவுக்கு மூளையைச் சூழ்ந்திருக்கும் தெளிந்த நீரும் அடங்கியிருக்கின்றன. இம்மூன்றில் ஒன்று பெருகினால் மற்றொன்று இடம்விட்டாக வேண்டும் என்னும் தத்துவத்துக்கு, 1783-இல் எழுதிய அலெக்ஸாண்டர் மன்ரோ, 1824-இல் எழுதிய ஜார்ஜ் கெல்லி என்னும் ஸ்காட்லாந்து வைத்தியர் இருவரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அடிபட்ட மூளை வீங்கும்போதும், உள்ளே ரத்தம் கசிந்து கட்டும்போதும், முதலில் அந்த நீர் முதுகுத்தண்டின் பக்கம் நழுவி இடம் கொடுக்கும். சிரை ரத்தமும் விலகிக்கொள்ளும். ஆகவே சிறிது நேரம் நோயாளி தேறிவிட்டதுபோலவே தோன்றும். கொடுப்பதற்கு இனி இடமில்லை என்ற கட்டம் வந்ததும், ஒரு கரண்டி அளவு கூடினாலும் அழுத்தம் திடீரென ஏறிவிடும். இயல்பாக 15 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் இருக்கவேண்டிய அவ்வழுத்தம் 22-ஐத் தாண்டி நிலைத்தால் வைத்தியர்கள் சும்மா இருப்பதில்லை. ஏனெனில், மூளைக்குள் ரத்தத்தைச் செலுத்தும் சக்தி என்பது, உடலின் சராசரி ரத்த அழுத்தத்திலிருந்து இதைக் கழித்தபின் கிடைக்கும் மிச்சந்தான்.

இனி அந்தத் துவாலைக்கு வருவோம். மூளையிலிருந்து திரும்பும் ரத்தம் கழுத்தின் இரு பக்கமும் உள்ள சிரைகள் வழியாகவே இறங்க வேண்டும். தலை முன்னே மடிந்தாலும் பக்கவாட்டில் திரும்பினாலும் அவை நசுங்கும். கீழே அடைபட்ட வாய்க்கால் மேலே வயலை மூழ்கடிப்பதுபோல, இறங்காத ரத்தம் கபாலத்துக்குள் தேங்கும். இடுப்பை மடக்கிப் படுக்கவைப்பதும், இருமுவதும், மலங்கழிக்க முக்குவதும் இப்படியே வயிற்றிலும் மார்பிலும் எழும் அழுத்தத்தைத் தலைக்கு அனுப்பிவிடும் என்பதால், மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வதுகூட இங்கே மூளையைக் காக்கும் காரியமாகிறது. சுவாசக் குழாயிலிருந்து சளியை உறிஞ்சி எடுக்கும்போது, முதலில் பிராணவாயுவை நிறையக் கொடுத்து, 10 அல்லது 15 விநாடிக்குள் குழாயை வெளியே எடுத்துவிட வேண்டும். மூச்சுத் தடைப்பட்டு ரத்தத்தில் கரியமிலவாயு சேர்ந்தால் மூளையின் நாளங்கள் விரிந்து, உள்ளே ரத்தம் பெருகிவிடும். குளிப்பாட்டுதல், புரட்டிப்போடுதல், சளி எடுத்தல், துணி மாற்றுதல் ஆகிய எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுகிற தாதியைச் சுறுசுறுப்பானவள் என்று நாம் மெச்சக்கூடும். ஆனால் ஒன்றைச் செய்து, அழுத்தம் தணியும் வரை பொறுத்திருந்து, பிறகு அடுத்ததைத் தொடுகிறவளே இந்தத் தொழில் அறிந்தவள் என்பது என் அபிப்பிராயம்.

இவ்வளவும் கை செய்யும் வேலை. இதைவிடக் கடினமானது அவதானிப்பு. நோயாளியின் பிரக்ஞை எந்த மட்டில் இருக்கிறது என்பதை அளக்க, 1974-இல் கிளாஸ்கோ நகரத்து வைத்தியர்களான கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜெனட்டும் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். இன்று வழங்கும் வடிவில், கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6 என, முழு நினைவுள்ளவருக்கு 15 எண். ஒன்றுக்கும் அசையாதவருக்கு 3. எண் 8-க்கு இறங்கினால், சுவாசத்தைக் காக்கத் தொண்டையில் குழாய் செலுத்த வேண்டிய கட்டம் வந்துவிட்டது என்று பொதுவாகக் கொள்வார்கள். இந்த அளவுகோல் பேராக்கின் பழைய தோட்டத்துப் பாட்டி ஒருத்தியிடம் வரும்போது என்ன நேர்கிறது என்று எண்ணிப் பாருங்கள். குளியலறையில் வழுக்கி விழுந்து, சில வாரங்கழித்துத் தடுமாற்றத்தோடு கொண்டுவரப்பட்ட அவளிடம், மலாய்க்காரத் தாதி அன்போடு குனிந்து, "மக்சிக், நாமா அப்பா?" என்று பெயரைக் கேட்கிறாள். பாட்டி பேசாமல் பார்க்கிறாள். பால்மரக் காட்டில் ஐம்பது வருஷம் உழைத்த அவளுக்குச் சந்தை மலாய் தெரியாததல்ல. ஆனால் மூளை தளரும்போது பிற்காலத்தில் கற்ற பாஷை முன்னதாக நழுவிப்போவதுண்டு. பிறகு, தோட்டத்துக் காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டை நினைத்து மெல்ல முணுமுணுக்கிறாள்: "பெரட்டுக்கு நேரமாச்சு, வாளி எங்கே?" தமிழ் அறியாத காதுக்கு இது பொருளற்ற ஒலி, எண் 2. தமிழ் அறிந்த காதுக்கோ, இடமும் காலமும் குழம்பிய, ஆனால் முழு வாக்கியமான பேச்சு, எண் 4. அந்த இரண்டு எண் இறங்கினால் மீண்டும் தலையைப் படமெடுக்கத் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். அல்லது முதலிலேயே குறைத்துப் போட்டிருந்தால், மெய்யாகவே இறங்கும்போது கவனிக்கத் தவறுவார்கள். கைதேர்ந்த தாதி இதை அறிந்திருப்பதால்தான், சுத்தம் செய்ய வந்த தமிழ்ப் பெண்ணையாவது கூப்பிட்டு, "பாட்டி என்ன சொல்கிறார்?" என்று கேட்டுவிட்டு எழுதுகிறாள்.

பேச்சுக்குப் பின் கண்மணி. வைகறை இருளில் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு மரந்தேடிப் போனவரின் கண்ணிலே இப்போது தாதி சிறு டார்ச் ஒளியைப் பாய்ச்சுகிறாள். இரு மணிகளும் ஒன்றுபோல், உடனுக்குடன் சுருங்க வேண்டும். ஒன்று மட்டும் விரிந்து ஒளிக்கு அசையாமல் நின்றுவிட்டால், வீங்கிய மூளை அந்தப் பக்கத்து நரம்பை நசுக்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். ரத்த அழுத்தம் ஏறி, நாடியின் வேகம் குறைந்து, சுவாசம் ஒழுங்கு தவறுவதை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்த ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க வைத்தியரின் பெயரால் அழைக்கிறார்கள். ஆனால் அது மிகவும் பிந்தி வரும் லக்ஷணம். கொஞ்சம் அதிகமாகத் தூங்குகிறான், காரணமின்றி எரிந்துவிழுகிறான் என்று முன்னதாகக் கவனித்துச் சொல்லும் தாதியே நேரத்தை மிச்சப்படுத்துகிறாள்.

மருந்துகள் இல்லாமலில்லை. மூளையின் வீக்கத்திலிருந்து நீரை ரத்தத்துக்கு இழுத்து, சிறுநீராக வெளியேற்றும் மானிடால் அவற்றுள் பிரசித்தமானது. குளிரில் அது கற்கண்டுபோல் உறைந்து துகளாகும் குணமுடையதாதலால், ஏற்றுமுன் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும், வடிகட்டி பொருத்துவதும், பிறகு மணிக்குமணி சிறுநீரை அளப்பதும் தாதியின் பொறுப்பே.

மருந்து ஒன்றுமே கைகொடுக்காத காலத்தையும் ஈப்போ கண்டிருக்கிறது. 1998 செப்டம்பரில் கிந்தா வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளைச் சூழ்ந்து தொடங்கிய மூளைக்காய்ச்சலை, முதலில் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே எண்ணிப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். 1999 மார்ச்சில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுக்க, அதற்கு நிப்பா என்ற பெயர் வந்தது. நாடு முழுதும் நோயுற்ற 265 பேரில் 105 பேர் மாண்டார்கள். அது முழுக்க மூளை வீக்கத்தால் கொல்லும் நோயன்று. ஆயினும் நினைவிழந்தவரின் சுவாசத்தைக் காப்பது, ஜுரத்தைத் தணிப்பது, வலிப்பைக் கவனிப்பது, புண்ணாகாமல் புரட்டுவது ஆகிய அதே பராமரிப்பைத் தவிர வைத்தியத்தின் கையில் அப்போது அதிகமாக வேறொன்றும் இருக்கவில்லை.

கித்தாத் தோட்டங்கள் பலவும் செம்பனைக் காடாகிவிட்ட இந்நாளில், லயத்து வீட்டுப் பிள்ளைகள் மோட்டாரில் வேலைக்குப் போய்வருகிறார்கள். தலைக்கவசம் 1973 முதல் சட்டமாக இருந்தும், பக்கத்துக் கடைக்குத்தானே என்று அதைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். உயரத்திலிருந்து விழும் செம்பனைக் குலையோ இருபது கிலோ எடைகூட இருக்கும். அடிபட்டவன் எழுந்து வந்து, காப்பி குடித்து, தலை வலிக்கிறது என்று படுத்தால், "அசந்து தூங்கட்டும், எழுப்பாதே" என்று சொல்லும் நம் வீட்டுப் பரிவு அபாயகரமானது. வலி கூடிக்கொண்டே போனாலும், திரும்பத்திரும்ப வாந்தி எடுத்தாலும், பேச்சுக் குழறினாலும், ஒரு பக்கக் கைகால் தளர்ந்தாலும், எழுப்பி எழாவிட்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் 999-க்கு அழையுங்கள். வார்டுக்கு வந்தபின், அவர் வீட்டில் பேசும் பாஷை எது, காது கேட்குமா, கண்ணில் புரை எடுத்திருக்கிறதா, எந்தக் கைப் பழக்கம் என்ற நான்கையும் கேட்காமலே தாதியிடம் சொல்லிவிடுங்கள். துவாலை உங்கள் தோளிலேயே இருக்கட்டும்.