ஏரிக்கு அடியில் ஓடும் ஆறு!

செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டையைப் பிரித்துத் துவரையைக் கொட்டுகிறார்கள். குவியல் உயர்கிறது. இன்னும் ஒரு படி விழுந்ததும் ஒரு பக்கம் சரசரவென்று சரிகிறது. யாரும் தள்ளவில்லை. பாரமே இழுத்துவிட்டது!

தண்ணீருக்கு அடியிலும் இதே கதைதான். ஆறு கொண்டுவரும் மணல், அது ஏரியில் விழும் இடத்தில் குவிகிறது. பூகம்பம் அதிர்த்தாலோ, பெருவெள்ளம் மேலும் மணலைச் சுமத்தினாலோ குவியல் சரிந்து, நீரோடு கலந்து, சேற்றாறாக ஏரியின் அடித்தளத்தில் பாய்கிறது. மேலே படகில் போகிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

சில சமயம் சரிவே வேண்டாம். வெள்ளக் கலங்கல் தன் கனத்தால் நேரே மூழ்கிவிடும். கடலில் இது அபூர்வம். உப்பு நீர் கனமானது, கலங்கலை மேலேயே தாங்கிக்கொள்ளும். ஏரி நீர் இலேசு. ஜெனீவா ஏரியில் ரோன் ஆறு இப்படி மூழ்குவதை ஃபொரெல் என்ற ஸ்விஸ் விஞ்ஞானி 1880-களிலேயே எழுதினார். நம் மேட்டூர் அணை முடிந்தது 1934-ல். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஹூவர் அணையில் ஒரு விந்தை! தேக்கத்தின் மேலே தெளிந்த நீர். மதகிலோ சேற்று நீர். கொலராடோ ஆற்றின் வண்டல் ஏரியின் அடியிலேயே பல மைல் ஊர்ந்து வந்திருந்தது.

ஓட்டம் தளர்ந்ததும் பருமணல் முதலில் படியும், அதன்மேல் பொடிமணல், கடைசியில் களிமண். கியூனன், மிக்லியோரினி இருவரும் 1950-ல் இந்த அடுக்கின் காரணத்தை விளக்கிய பிறகு, பூகர்ப்ப சாஸ்திரிகள் பழைய பாறைகளைப் புதுக் கண்ணோடு பார்த்தார்கள்.

ஒடிசாவின் தால்சேரில் 1856-ல் ப்ளான்ஃபோர்ட் சகோதரர்கள் பனியாறு சுமந்த பாறாங்கற்களைக் கண்டார்கள். சுமார் 29 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதி பனியில் கிடந்தது. சேலத்து வெயிலில் இதைப் படிக்கிறவர்கள் நம்புவது கஷ்டந்தான்! அவ்வூர்ப் பெயரால் வழங்கும் பாறை வரிசையில், உருகிய பனிநீர் ஏரிகளின் அடியில் பாய்ந்த மணல் அடுக்குகளும் உண்டு.

மணல் எவ்வளவு தூரம் போகும்? கரை செங்குத்தா, ஆறு எவ்வளவு மண் தருகிறது என்பதைப் பொறுத்தது. ஏரி மட்டமும் முக்கியம். மட்டம் இறங்கினால் ஆறு தன் பழைய படிவையே அறுத்து ஆழத்துக்குத் தள்ளும். ஏறினால் மணல் கரையோரம் தங்கிவிடும்.

இதில் பணமும் இருக்கிறது. சீனாவின் ஆர்டோஸ் பிரதேசத்தில் 20 கோடி ஆண்டுகளுக்கும் முன் ஓர் ஆழ்ந்த ஏரி இருந்தது. அதன் கருஞ்சேறு புதைந்து, சூடேறி, எண்ணெயாயிற்று. நடு ஏரிவரை பாய்ந்த மணல் அந்த எண்ணெயைத் தேக்கிக்கொண்டது. மணல் நின்ற இடம் தெரியாமல் துளை போட்டால், கிடைப்பது எண்ணெயை எளிதில் விடாத களிப்பாறைதான்.