நிதிக்குற்ற இடரும் முதலீட்டுச் சூழலும்: மொரிசியசின் எடுத்துக்காட்டு

ஒரு நாட்டின் வங்கிகளுக்குள்ளும் நிறுவனங்களுக்குள்ளும் குற்றப்பணம் எவ்வளவு எளிதாகப் புகுந்து, வெள்ளையாகி வெளியேற முடியும் என்று கணிப்பது நிதிக்குற்ற இடர் மதிப்பீடு. அந்நாட்டில் தொழில் தொடங்குவதும் முதலீடு செய்வதும் எவ்வளவு எளிது, எவ்வளவு பாதுகாப்பு என்று பார்ப்பது முதலீட்டுச் சூழல் மதிப்பீடு. முதலீட்டுக்கு ஏற்ற நாடு என்றால் நிதிக்குற்ற இடரும் குறைவாகத்தான் இருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அப்படி இருக்க வேண்டியதில்லை.

மொரிசியசு இந்தியப் பெருங்கடலில் உள்ள சிறு தீவு நாடு. (அதன் ரூபாய்த் தாள்களில் தமிழ் எழுத்தும் இடம்பெறுவதைப் பலர் அறிந்திருக்கலாம்.) 2019 அக்டோபரில் உலக வங்கி வெளியிட்ட 'தொழில் செய்வதற்கான எளிமை' தரவரிசையில் 190 நாடுகளில் அது 13ஆம் இடம் பெற்றது, இந்தியாவுக்குக் கிடைத்தது 63ஆம் இடம். நான்கே மாதங்களில், 2020 பிப்ரவரியில், நிதி நடவடிக்கைப் பணிக்குழு அதே நாட்டைத் தன் சாம்பல் பட்டியலில் சேர்த்தது.

இதில் முரண்பாடு ஏதுமில்லை. ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்ய எத்தனை நாள் ஆகும், வரி கட்டுவது எவ்வளவு சுலபம் போன்றவற்றை உலக வங்கி கேட்டது. அந்த நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் யார் என்பது பணிக்குழுவின் கேள்வி. விரைவான பதிவு நேர்மையான வணிகருக்கு உதவுவது போலவே, பெயரை மறைக்க விரும்புபவருக்கும் உதவும். உலக வங்கியின் தரவரிசையும் நிலைக்கவில்லை. சில நாடுகளின் தரவுகளில் முறைகேடு நடந்தது தெரியவந்ததால் 2021 செப்டம்பரில் அது கைவிடப்பட்டது.

பணிக்குழு 1989இல் பாரிசில் நடந்த ஜி-7 உச்சி மாநாட்டில் உருவானது. அதன் மதிப்பீட்டுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. 40 பரிந்துரைகளுக்கு ஏற்பச் சட்டங்கள் உள்ளனவா என்று முதற்பகுதி பார்க்கும். அச்சட்டங்கள் உண்மையில் வேலை செய்கின்றனவா என்பதை இரண்டாம் பகுதி 11 விளைவுகளைக் கொண்டு அளக்கும். மாணவர்கள் பெரும்பாலும் முதற்பகுதியோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் இரண்டாவதே முக்கியம். சட்டப் புத்தகத்தை ஓராண்டில் திருத்திவிடலாம். வழக்குத் தொடுக்கத் தெரிந்த புலனாய்வாளர்களை ஓராண்டில் உருவாக்கிவிட முடியாது. மொரிசியசு பற்றிய 2018ஆம் ஆண்டு அறிக்கையே இந்த இரண்டாம் பகுதியின் குறைகளைச் சுட்டியிருந்தது. அதைப் படித்தவர்களுக்கு 2020 அறிவிப்பு வியப்பளித்திருக்காது.

இந்தியாவுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. 1982இல் கையெழுத்தான வரி ஒப்பந்தத்தின்படி, மொரிசியசு நிறுவனம் இந்தியப் பங்குகளை விற்று ஈட்டிய இலாபத்துக்கு இந்தியா வரி விதிக்க முடியாது, மொரிசியசும் விதிப்பதில்லை. எனவே ஏராளமான அந்நிய முதலீடு அவ்வழியே வந்தது. இந்தியர்களின் பணமே வெளியே போய்ச் சுற்றி வருகிறது என்ற ஐயமும் நீண்ட நாள் இருந்தது. 2016இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கிய பங்குகளுக்கு இந்தியா வரி விதிக்க வழி பிறந்தது.

சாம்பல் பட்டியல் தடைப் பட்டியல் அல்ல. மொரிசியசு முதலீட்டாளர்கள் பங்குச் சந்தையில் தொடரலாம், கண்காணிப்பு மட்டும் கூடும் என்று செபி விளக்கியது. ரிசர்வ் வங்கி சற்றுக் கடுமை காட்டியது. இத்தகைய பட்டியல் நாடுகளிலிருந்து புதிதாக வருவோர் வங்கி சாரா நிதி நிறுவனங்களில் 20 விழுக்காடோ அதற்கு மேலோ வாக்குரிமை பெற முடியாது என 2021 பிப்ரவரியில் அறிவித்தது. சாம்பல் பட்டியலில் சேரும் நாடுகளுக்கு வரும் மூலதனம் சராசரியாக மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 7.6 விழுக்காடு அளவு குறைவதாக, 2021இல் பன்னாட்டு நாணய நிதியம் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை கணித்தது.

மொரிசியசு தன் மேற்பார்வை, உரிமையாளர் விவரம், புலனாய்வு ஆகியவற்றைச் சீர்செய்து 2021 அக்டோபரில் பட்டியலிலிருந்து வெளியேறியது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் தனியே வைத்திருக்கும் உயர் இடர் நாடுகள் பட்டியலிலிருந்து அதன் பெயர் நீங்க 2022 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.