மாவரைத்த காற்றாலை குடியிருக்கும் வீடானது

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். திருச்சி புத்தூரில் உய்யக்கொண்டான் கரையில் நின்றவர்களுக்கு அந்தக் காற்று தெரியும். அத்தகைய காற்றைக் கொண்டே இங்கிலாந்து விவசாயிகள் பல நூற்றாண்டுகள் தானியம் அரைத்து வந்தனர். அந்த ஆலைகளில் ஒன்று இன்று வீடாக நிற்கிறது. அதன் கதை நமக்கும் பயன்படும்.

நார்போக் மாவட்டத்தில் கடலோரக் கிராமம் கிளே. அங்குள்ள காற்றாலை 1819-ல் புதிதாகக் கட்டியது என்று விற்பனைக்கு விளம்பரம் செய்யப்பட்டது. செங்கல் கோபுரம், ஐந்து தளம். உச்சியில் தொப்பி போன்ற கூரை. அது காற்றடிக்கும் பக்கம் திரும்பும். அதில் பொருத்திய நான்கு இறக்கைகள் சுழன்றால், பல் சக்கரங்கள் வழியாகக் கீழே அரவைக் கல் சுழலும். தானிய மூட்டையை மேலே ஏற்றிவிட்டால் போதும். தானியம் தானே கல்லுக்கு இறங்கி, மாவாகிக் கீழே சாக்கில் விழும்.

பிறகு நீராவி எஞ்சினும் இரும்பு உருளை மில்லும் வந்தன. அவற்றுக்குக் காற்று வரும்வரை காத்திருக்கும் வேலையில்லை. கிளே ஆலை 1912 வாக்கில் ஓய்ந்து பாழடையத் தொடங்கியது. 1921-ல் ஓர் அம்மையார் அதை வாங்கி விடுமுறை வீடாக்கினார். 1983-ல் விருந்தினர் விடுதியாயிற்று. ஆள் புழங்கியதால் கட்டடம் பிழைத்தது.

இதில் சிரமமும் உண்டு. சுவர் வட்டமானதால் அலமாரி ஒட்டி நிற்காது. மேலே போகப் போக அறை குறுகும். சாரல் தொப்பி இடுக்கில் இறங்கும். மர இறக்கைகள் இற்றுப்போகும். அவ்வப்போது மாற்ற வேண்டும்.

நம் ஊர்களிலும் பழைய நெல் அரவை மில் கொட்டகைகள் பூட்டிக் கிடக்கின்றன. இடிக்குமுன் யோசியுங்கள். அஸ்திவாரத்தில் விரிசல் உண்டா, உத்திரத்தில் கரையான் உண்டா என்று அனுபவமுள்ள கொத்தனாரைக் கொண்டு பாருங்கள். கூரை ஒழுக்கை முதலில் அடையுங்கள். எண்ணெய் ஊறிய தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போடுங்கள். கல்நார் தகடு இருந்தால் உடைக்காதீர்கள். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். மின் இணைப்பை வீட்டு உபயோகத்துக்கு மாற்ற மின்வாரியத்தில் மனுச் செய்யுங்கள். ஊராட்சி அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுவர் உறுதியாக இருந்தால் புது வீட்டுச் செலவில் ஒரு பகுதி மிஞ்சும். அது அடுத்த போக விதைக்கும் உரத்துக்கும் உதவும்.