விசேஷ வீட்டுக்குப் போகும் கேக்: மளிகைக் கடைக்காரர் கவனத்துக்கு

வீட்டிலேயே கேக், பிஸ்கட் செய்து விசேஷங்களுக்குக் கொடுக்கும் தாய்மார்கள் இப்போது எல்லா ஊர்களிலும் பெருகிவிட்டார்கள். மைதா, வெண்ணெய், சர்க்கரை, கோகோ பவுடர் என்று அவர்களுக்கு வேண்டிய சரக்கெல்லாம் நம் கடைகளிலிருந்துதான் போகிறது. கேக் வெந்து இறங்கியதோடு நம் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அப்படியில்லை. அது விசேஷ வீட்டு மேஜைக்கு முழுதாகப் போய்ச் சேராவிட்டால் பழி நம் மைதாவின் மேல்தான் விழும்.

மதுரை கீழமாசி வீதியில் என் கடைக்கு வரும் சில்லறை வியாபாரி ஒருவர், "அண்ணாச்சி, உங்க மைதாவுல செஞ்ச கேக் மூணாம் நாளே பூசணம் பிடிச்சிருச்சாம். அந்தம்மா சண்டைக்கு வர்றாங்க" என்றார். அதே மூட்டை வகை பத்துக் கடைகளுக்குப் போயிருந்தது; வேறெங்கும் புகார் இல்லை. விசாரித்ததில், வெளியூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று சூட்டோடு சூடாகப் பெட்டியில் வைத்து மூடியிருக்கிறார்கள். உள்ளே ஆவி நீராகி, கேக்கின் மேலேயே இறங்கிவிட்டது. மைதா என்ன செய்யும்? நடுப்பகுதி வரை நன்றாக ஆறிய பிறகே மூட வேண்டும். பிஸ்கட்டுக்கும் இதே விதிதான். மொறுமொறுப்பான பிஸ்கட்டையும் மெத்தென்ற கேக்கையும் ஒரே டப்பாவில் போட்டால், கேக்கின் ஈரத்தை பிஸ்கட் இழுத்து நமுத்துவிடும்.

கிரீம் கேக்தான் எல்லாவற்றையும் விடத் தொல்லை பிடித்தது. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகத் தொடங்கும். நம் ஊர்ச் சித்திரை வெயில் அதற்கும் மேலே. ஆகவே கிரீம் பூசியதும் குளிர்பெட்டியில் நாலைந்து மணி நேரம் வைத்து, இறுகிய பின், புறப்படும் நேரத்தில்தான் எடுக்க வேண்டும். பால் கிரீம் என்றால் உருகுவது மட்டுமல்ல, கிருமியும் பெருகும். வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். சாப்பிடப் போவது பெரும்பாலும் குழந்தைகள். தூரத்து விசேஷத்துக்குக் கிரீம் கேட்டால், உலர்பழம் போட்ட பிளம் கேக்கோ, கிரீம் இல்லாத வெண்ணெய் கேக்கோ கொடுக்கச் சொல்லுங்கள். வியாபாரம் குறையாது, முந்திரியும் திராட்சையும் கூடுதலாகவே போகும்.

பெட்டி விஷயத்தில் நம்மவர்கள் அளவு கேட்காமல் கையில் கிடைத்ததைக் கொடுத்துவிடுகிறார்கள். 8 அங்குலக் கேக்குக்கு 10 அங்குல அட்டையும் அதே அளவுப் பெட்டியும் வேண்டும். அட்டை பெட்டிக்குள் இறுக்கமாக உட்கார்ந்தால்தான் கேக் நகராது. அட்டையில் சிறிது கிரீமைத் தடவி அதன்மேல் கேக்கை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். உள்பக்கம் சாம்பல் நிறமாக இருக்கும் பெட்டிகள் பெரும்பாலும் பழைய காகிதத்திலிருந்து செய்தவை. அவற்றில் உணவு நேராகப் படக் கூடாது. வெண்ணெய்த் தாள் விரித்துக்கொள்ளச் சொல்லி, அதையும் விற்கலாம். செய்தித்தாளில் உணவுப் பொருளைச் சுற்றுவதை 2018-ஆம் ஆண்டு விதிகள் தடை செய்துள்ளன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு நம் மாநிலத்தில் 1.1.2019 முதல் தடை இருப்பது தெரிந்ததே.

இனி வண்டி. காரின் இருக்கை பின்பக்கம் சரிந்திருக்கும். அதில் வைத்த கேக்கும் சரியும். மடியும் அப்படியே. முன் இருக்கைக்குக் கீழே கால் வைக்கும் இடம்தான் சமதளம். அங்கே சறுக்காத ரப்பர் விரிப்பைப் போட்டு வைக்க வேண்டும். டிக்கியில் ஏ.சி. காற்று போகாது என்பதால் கிரீம் கேக்குக்கு அது ஆகாது. ஸ்கூட்டரில் கிரீம் கேக் கொண்டுபோவது, நம் வேகத்தடைகளைப் பார்த்தால், துணிச்சல் என்றுதான் சொல்ல வேண்டும். அடுக்குக் கேக்கானால் தனித்தனிப் பெட்டியில் கொண்டுபோய் விசேஷ வீட்டில் அடுக்குவதே சரி. கொடைக்கானல் போன்ற மலையூருக்கு பிஸ்கட் போகிறதென்றால், பாக்கெட்டில் காற்றைக் குறைத்து ஒட்டச் சொல்லுங்கள். மேலே ஏற ஏறப் பாக்கெட் உப்பி ஒட்டு விட்டுப்போகும். சிப்ஸ் பாக்கெட்டில் பார்த்திருப்பீர்கள்.

நம் கடைக்குள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கேக் பெட்டிகளையும் வெண்ணெய்த் தாளையும் ஊதுபத்தி, கற்பூரம், சோப்பு பக்கத்தில் அடுக்காதீர்கள். அட்டை வாசனையைப் பிடித்துக்கொள்ளும், கேக் அதை வாங்கிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரையில் வைத்த அட்டை நமுத்து, தூக்கும்போது அடி விட்டுவிடும். கிறிஸ்துமஸ் ஆர்டர் அதற்கடுத்தே வருவதால், கட்டுகளைப் பலகை மேல் சுவரை ஒட்டாமல் வையுங்கள். 8, 10, 12 அங்குலம் மூன்றும் இருந்தால் போதும். 10 அங்குலம்தான் அதிகம் போகும்.