யு.எஸ்.பி. ஹப்: அடாப்டர் உள்ளதா, இல்லாததா?

கிழக்கேகோட்டையிலும் அதையொட்டிய சாலை பஜாரிலும் வணிகம் செய்யும் நம் வாடிக்கையாளர்கள் பலர் மேசைக் கணினியை விட்டு மடிக்கணினிக்கு மாறிவிட்டனர். இடம் மிச்சமாகிறது, மின்சாரம் போனாலும் வேலை நிற்பதில்லை. ஆயினும் இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் இரண்டு அல்லது மூன்று யு.எஸ்.பி. போர்ட்டுகளே உள்ளன. மவுஸ், பில் அச்சிடும் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கணக்கைப் படியெடுத்து வைக்கும் வெளி ஹார்டு டிஸ்க் என ஒரு நடுத்தர மளிகை மொத்தக்கடைக்கே ஐந்து கருவிகள் வேண்டியிருக்கின்றன. ஆகவே ஒரு போர்ட்டை நான்காகப் பிரித்துத் தரும் ஹப் வாங்குகிறார்கள்.

கடையில் இருவகை ஹப்கள் கிடைக்கும். ஒன்று, சுவரிலுள்ள பிளக்கில் மாட்டும் அடாப்டருடன் வருவது. மற்றது, தனக்கு வேண்டிய மின்சாரத்தையும் மடிக்கணினியிடமிருந்தே பெற்றுக்கொள்வது. இரண்டாவது வகை விலை குறைவு, சட்டைப்பையில் அடங்கும். பார்வைக்குப் பெரிய வேறுபாடு இல்லாததால் பெரும்பாலோர் அதையே வாங்குகின்றனர்.

இதில் வங்கிக்கு என்ன அக்கறை என்று வாசகர் கேட்கலாம். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஓராண்டுக்குரிய கணக்கு ஏடுகளை, அவ்வாண்டின் வருடாந்தர ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். கேஷ் கிரெடிட் கணக்கு வைத்திருப்போர் மாதந்தோறும் சரக்கு இருப்பு விவரமும் தரவேண்டியுள்ளது. இவையெல்லாம் இன்று ஒரு ஹார்டு டிஸ்க்கில் உறங்குகின்றன. அந்த டிஸ்க், எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் இழந்தால், அந்தக் கோப்பு மட்டுமன்றிச் சில வேளைகளில் டிஸ்க்கின் உள்ளடக்கப் பட்டியலே சிதைந்துபோகும்.

யு.எஸ்.பி. முறை 1996-இல் வெளிவந்தது. இன்டெல் நிறுவனத்தில் அதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்கு வகித்த அஜய் பட், வடோதராவில் கல்வி பயின்றவர். தரவும் மின்சாரமும் ஒரே கம்பியில் செல்வதே இம்முறையின் வசதி. ஆனால் அந்த மின்சாரத்துக்கு வரம்பு உண்டு. 5 வோல்ட் அழுத்தத்தில், யு.எஸ்.பி. 2.0 போர்ட் ஒன்று தரவேண்டிய மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர். 2008-இல் வந்த யு.எஸ்.பி. 3.0-இல் அது 900 ஆனது. அடாப்டர் இல்லாத ஹப் இந்த அளவைக் கூட்டுவதில்லை, பங்கிடுகிறது. யு.எஸ்.பி. 2.0 விதிப்படி, தனக்கு 100 எடுத்துக்கொண்டு, எஞ்சிய நான்கு போர்ட்டுகளுக்கும் தலா 100 மில்லி ஆம்பியர் மட்டுமே அது உறுதிப்படுத்த முடியும்.

மவுஸ், விசைப்பலகை, கையொப்ப டோக்கன் ஆகியவை இந்த அளவுக்குள் பொதுவாக அடங்கிவிடும். பில் பிரிண்டருக்குப் பெரும்பாலும் தனி அடாப்டர் இருப்பதால் அது ஹப்பிலிருந்து தரவை மட்டுமே பெறுகிறது. இக்கருவிகள் மட்டுமே உள்ளவர் அடாப்டர் உள்ள ஹப்புக்குச் செலவிட வேண்டிய தேவை இல்லை. ஆதார் சரிபார்ப்புக்கான விரல்ரேகைக் கருவி இவற்றைவிடக் கூடுதலாக இழுக்கக்கூடும். அதன் அடியிலுள்ள சீட்டில் அச்சிட்ட அளவைப் படித்துப் பார்ப்பது நலம். வாடிக்கையாளர் மூன்று முறை விரல் வைத்தும் கருவி ஏற்கவில்லை என்றால், பழியை விரலின்மேல் போடுமுன் கருவியை நேரடியாக மடிக்கணினியில் மாட்டிப் பார்க்கலாம்.

சிக்கல் ஹார்டு டிஸ்க்கில்தான். தனி அடாப்டர் இல்லாத சிறிய வெளி டிஸ்க்குகள் சுழலத் தொடங்கும் கணத்தில் சில வேளைகளில் 1 ஆம்பியரை நெருங்கும். அடாப்டர் இல்லாத ஹப்பில் மாட்டினால் அது ‘டிக் டிக்’ என ஒலிக்கும்; திரையில் தோன்றி மறையும்; அல்லது, இதுவே மோசமானது, நன்றாக இயங்குவதுபோல் இருந்துவிட்டு, அதே ஹப்பில் யாரேனும் கைபேசியைச் சார்ஜுக்குப் போட்டவுடன் அறுந்துபோகும். நம் ஊர்க் கடைகளில் ஹப்பின் காலிப் போர்ட்டைக் கைபேசிக்கு விட்டுக்கொடுக்காதவரைக் காண்பது அரிது.

அப்படியானால் அடாப்டர் உள்ள ஹப் வாங்கிவிட்டால் போதுமா? இங்கேதான் நம் ஊரின் துலாவர்ஷத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். ஐப்பசியில் பிற்பகல் தோறும் இடியும் மின்னலும், அவற்றோடு மின்தடையும் வரும். மின்சாரம் போனாலும் மடிக்கணினி பேட்டரியில் இயங்கிக்கொண்டிருக்கும். ஆனால் ஹப்பின் அடாப்டர் அக்கணமே நின்றுவிடும். ஹப்பை நம்பியிருந்த டிஸ்க்கும் நிற்கும். அதாவது, வலிமைக்காக வாங்கிய ஹப், மடிக்கணினி இயல்பாகத் தரும் பாதுகாப்பைப் பறித்துவிடுகிறது. ஆகவே என் கருத்தில் டிஸ்க்குக்கு உரிய இடம் மடிக்கணினியின் சொந்தப் போர்ட்தான். மவுஸும் டோக்கனும் அடாப்டர் இல்லாத ஹப்புக்குப் போகட்டும். இரண்டு டிஸ்க்குகள் ஒருங்கே வேண்டுவோர் மட்டும் அடாப்டர் உள்ள ஹப் வாங்கி, அதனை இன்வெர்ட்டர் அல்லது யு.பி.எஸ். இணைப்புள்ள பிளக்கில் மாட்டுவது தக்கது.

வாங்கும்போது ஹப்பைவிட அடாப்டரையே கூர்ந்து பார்க்க வேண்டும். நான்கு யு.எஸ்.பி. 3.0 போர்ட்டுகளும் முழு அளவில் இயங்க 3.6 ஆம்பியர் வேண்டும். ஹப்பின் சொந்தத் தேவையையும் சேர்த்தால் 5 வோல்ட், 4 ஆம்பியர் அடாப்டர் பொருத்தம். 2 ஆம்பியர் அடாப்டரை வைத்துக் கொடுத்து ‘பவர்டு ஹப்’ என்று விற்பதும் உண்டு. சில பெட்டிகளில் அடாப்டருக்கான துளை மட்டும் இருக்கும், அடாப்டர் இராது. அடாப்டரின்மேல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருத்தல் வேண்டும். மட்டமான ஹப்களில் அடாப்டரின் மின்சாரம் மடிக்கணினிக்குள்ளேயே பின்னோக்கிப் பாய்வதும் உண்டு. மடிக்கணினியை அணைத்த பின்னும் அதன் விளக்கு ஒளிர்ந்தால் இந்த ஐயம் கொள்ளலாம். வேகத்தைப் பொறுத்தவரை அடாப்டரால் பயனில்லை. எத்தனை கருவிகள் மாட்டினாலும் அவை மடிக்கணினியின் ஒரே போர்ட்டின் வேகத்தையே பகிர்கின்றன.

டைப்-சி மடிக்கணினிகளுக்கு மூன்றாவது வகை ஒன்று வந்துள்ளது. மடிக்கணினியின் சார்ஜரையே ஹப்பில் மாட்ட, அது ஒரு பகுதியைத் தனக்கு வைத்துக்கொண்டு எஞ்சியதைக் கணினிக்கு அனுப்பும். தனி அடாப்டர் வேண்டாம் என்பது நல்ல வசதி. ஆனால் சார்ஜரைச் செருகும்போதும் உருவும்போதும் சில ஹப்களில் எல்லாக் கருவிகளும் ஒரு கணம் அறுந்து மீண்டும் இணைகின்றன. படியெடுப்பு நடக்கும்போது சார்ஜரைத் தொடாதிருப்பது போதும்.

ஹப் வந்த பின் ஏற்படும் ஒரு பழக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். போர்ட் தாராளமாகக் கிடைப்பதால் கையொப்ப டோக்கனை நாள் முழுதும் அதிலேயே விட்டுவிடுகின்றனர். அதன் கடவுச்சொல்லும் ஊழியருக்குத் தெரிந்திருக்கும். அந்த டோக்கன் இடும் கையொப்பம் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன்படி உங்கள் கைப்பட இட்ட கையொப்பத்துக்கு நிகரானது. தாக்கல் முடிந்ததும் அதை உருவி, காசோலைப் புத்தகம் இருக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.